இந்த வருஷம் ரயில் கிடையாது

ஆகஸ்ட் 12

அண்ணிக்கு வணக்கங்கள்.

இங்கு எல்லோரும் சுகம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

முகம் பார்க்காத ஒருத்தி திடீரென்று எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். உங்கள் தம்பியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். லிஃப்டைப் பத்தாவது மாடிக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றுகிறார். ஒரு கடிதத்தைத் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோகச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறார். போன வாரம்தான் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்டக் கிளம்பிப் போனார். திரும்ப மாதக்கணக்கில் ஆகுமாம்.

எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்பதற்காக எழுதவில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வருஷக் கடைசி விடுமுறை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் தூங்குவதுதான். அவர் அப்படி இல்லை. அந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகிறது. காகிதம், பசை, பாட்டிலுக்குள் விளக்கு என்று என்னென்னவோ சொல்கிறார். எப்படிச் செய்வது என்று கேட்டால், "அதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்" என்று முடித்துவிடுகிறார். அதனால் உங்களையே கேட்கிறேன். இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் செய்து பார்க்க ஆசை.

என் மகளைப் பற்றி அவர் சொல்லியிருப்பார். என் முதல் கணவர் இறந்தபோது அவள் தொட்டில் குழந்தை. இப்போது எட்டு வயது. குருவி என்று கூப்பிடுவோம். அவளும் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி மனைவி


ஆகஸ்ட் 27

தம்பி மனைவிக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நாள் முழுக்கக் கண்ணாடி தேய்த்தால் தோள்பட்டை வலிக்காதா? அவனுக்கு வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உங்கள் கடையில் ஒரு கிழட்டுப் பூனை இருப்பதாக அவன் முன்பு எப்போதோ சொன்னான், அது இன்னும் இருக்கிறதா?

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அவனுடையது கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அப்பா அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். இப்போது நானும் அங்கேதான். புத்தகத்தை ஓரம் வெட்டும்போது கீற்றுக் கீற்றாகக் காகிதம் விழும். அட்டைக்கு வெட்டின வண்ணக் காகிதத்திலும் மிச்சம் விழும். அப்பா வருஷம் முழுக்க அதைச் சேர்த்துவைப்பார். விடுமுறையின் முதல் நாள் காலையில் மூட்டையைக் கூடத்தில் கொட்டுவார். கடையில் வாங்கின எதுவும் அந்த வாரம் சுவரில் ஏறக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒருமுறை சித்தப்பா சரிகைத் தாள் வாங்கி வந்தார். அம்மா அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள். மனுஷன் இரண்டு நாள் பேசவில்லை.

கீற்றை வளையமாக ஒட்டி, அதற்குள் அடுத்த கீற்றை நுழைத்து ஒட்டி, இப்படியே வாசலில் ஆரம்பித்து அடுப்பங்கரை வரைக்கும் போக வேண்டும். மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டினால் பசை. கைவிடாமல் கிண்டு. ஜாம் பாட்டிலுக்கு வெளியே மெல்லிய வண்ணத்தாளைச் சுற்றி உள்ளே மெழுகுவத்தி. அவ்வளவுதான். ஒட்டின வளையம் யாருடையது அறுந்ததோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். உன் புருஷன்தான் எப்போதும் தேய்த்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அவன் அக்கா


ஆகஸ்ட் 27

சின்னவனே,

சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

உன் பெண்டாட்டி எழுதியிருந்தாள். பதில் போட்டுவிட்டேன். மரியாதை தெரிந்தவளாகத்தான் இருக்கிறாள். வீட்டு வழக்கத்தை விசாரித்து எழுதியிருக்கிறாள், அது எனக்குப் பிடித்தது.

அவளுக்கு விளக்கி எழுதும்போது எனக்கே சிரிப்பாக வந்தது. காகித வளையம், ஒன்றுக்குள் ஒன்று என்று என்னவோ பாடம் நடத்துகிற மாதிரி எழுதினேன். ரயில் என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடி, "ரயில் வருது, தள்ளு தள்ளு" என்று கத்தினாய். அன்றைக்கு ரயிலான அந்தச் சங்கிலிக்கு நம் வீட்டில் அப்புறம் வேறு பெயரே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "என்ன, உங்க வீட்ல ரயில் விட்டாச்சா?" என்று கேட்பார்களே, நினைவிருக்கிறதா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை விஷயத்தை என்னிடம் எடுக்காதே. உன்னை இந்தக் கையால் வளர்த்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொண்டாய். உனக்குப் பெண்டாட்டி வந்தாள், சரி, ஏற்றுக்கொண்டேன். யாரோ பெற்ற பிள்ளையை நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராததை வந்த மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அதனால்தான் அதைப் பற்றி எழுதவே இல்லை.

மேலே ஏறி வேலை செய்யும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நலமே. நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பூனை இன்னும் இருக்கிறது. நீங்கள் விசாரித்ததை அதன் காதில் போட்டேன், கண்டுகொள்ளவில்லை.

பசை முதல் தடவை கட்டி தட்டிப்போயிற்று. நடுவில் கதவைத் திறக்கப் போனது என் தப்பு. இரண்டாவது தடவை குருவி கிண்டினாள். கைவிடவில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டின் அட்டைகளை வெட்டி வளையம் ஒட்டினோம். சமையலறைக் கதவு வரை வந்து நிற்கிறது. விடுமுறை வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அதற்குள் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அவளுக்குக் கொஞ்ச நாளாக இருமல். இப்போது பரவாயில்லை.

அண்ணி, மனதில் வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. உங்கள் கடிதத்தில் என்னை விசாரித்தீர்கள், அவரை விசாரித்தீர்கள், கடைப் பூனையைக்கூட விசாரித்தீர்கள். குருவி பக்கத்தில் உட்கார்ந்து நான் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது. "நான் அவங்கள என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்கிறாள். யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது அவளுக்குப் பெரிய குழப்பம். அவரையே இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் எதிரே போய் நின்றுகொள்வாள். அவராக நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்பாள். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள், அப்படியே சொல்லித்தருகிறேன்.

அன்புடன்,
தம்பி மனைவி


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இரண்டு மாதமாக உங்கள் எழுத்தைக் காணோம். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துகொண்டிருந்தபோது பார்சல் வந்தது. உள்ளே கட்டுக் கட்டாக வண்ணக் கீற்றுகள், எல்லாம் ஒரே அளவில் வெட்டினவை. கடிதம் இருக்கிறதா என்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் மிகவும் சந்தோஷம்.

ஒரு முக்கியமான விஷயம். அவருக்கு வருஷக் கடைசியில் ஒரு வாரம் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. இங்கே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு அங்கே வரலாம் என்று எழுதியிருக்கிறார். உங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே ரயிலில் இடம் கிடைக்காமல் போகக் கூடாது என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்று டிக்கெட்.

அவர் சொல்கிறார், "அது நம்ம வீடு, கேக்கவே வேணாம்" என்று. அவருக்கு அது வீடு. நான் கேட்டுக்கொண்டுதான் வருவேன். மூன்று பேர் வரலாமா, அண்ணி? வேண்டாம் என்றாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி மனைவி


டிசம்பர் 3

தம்பி மனைவிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் கேடில்லை. அச்சகத்தில் பள்ளிப் புத்தக வேலை, மூச்சு விட நேரமில்லை, அதனால்தான் எழுதவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? அவன் குரல் கட்டியிருப்பதாக எழுதியிருந்தான், சரியாயிற்றா?

விடுமுறைக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டை வெள்ளையடித்தேன். மற்றபடி இந்த வருஷம் ரயில் கிடையாது என்று வைத்துக்கொள். ஆள் இல்லாமல் ரயில் எப்படி ஓடும்? போன வருஷமே பாதியில் நின்றுபோயிற்று. இருக்கிற ஒரு ஆளும் எத்தனை நாள்தான் இழுக்க முடியும்? போதும், இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் வருத்தம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு, எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள்.

அண்ணி


டிசம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நாங்கள் நலம். அவருக்கும் தொண்டை சரியாகிவிட்டது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ரயில் இல்லை என்று நீங்களே எழுதிய பிறகு நாங்கள் வருவது எப்படி? காலையில் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரையும் அங்கேயே இருந்து வேலையை முடிக்கச் சொல்லி எழுதிவிட்டேன். குருவி பையைக்கூட அடுக்கிவைத்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தாள்.

ரயில் இருக்கிற வருஷமாகப் பார்த்து வருகிறோம்.

அன்புடன்,
தம்பி மனைவி


ஜனவரி 9

சின்னவனே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

உன் பெண்டாட்டி எழுதினதைத் தெரிந்துகொள். ரயில் இல்லை என்றால் வரமாட்டாளாம். ரயில் இருக்கிற வருஷமாகப் பார்த்து வருவாளாம். அப்படியென்றால் இங்கே சுவரில் தொங்குகிற காகிதத்துக்குத்தான் மதிப்பு, கீழே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு இல்லை. நான் எதற்கு அப்படி எழுதினேன்? "அப்படிச் சொல்லாதீங்க அண்ணி, நாங்க வந்து சேர்ந்து ஒட்டுறோம்" என்று ஒரு வார்த்தை எழுதுவாள் என்று நினைத்தேன். ஒருத்தியாக ஏணியில் ஏறி ஏறி எனக்கும் அலுத்துவிட்டது, அதைத்தான் சொன்னேன். அதற்கு டிக்கெட்டையே திருப்பிக் கொடுப்பதா?

விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். மூட்டையைப் பிரிக்கவில்லை. முதல் நாள் பாட்டில் விளக்கு மட்டும் ஒன்று ஏற்றினேன். பக்கத்து வீட்டுத் தையற்காரி வந்து, "தம்பி குடும்பம் வரலியா?" என்று கேட்டாள். வேலை என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன். அப்புறம் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். அம்மா இறந்த வருஷம்கூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லையடா.

உன்னோடு அவர்களும் வரப்போவதாக இருந்தபோது, ஜன்னலுக்குக் கீழே தாழ்வாக ஒரு கயிறு கட்டியிருந்தேன். பெரியவர்களுக்கு இடுப்புக்குத்தான் வரும். யாருக்காக என்று கேட்காதே. அதை அவிழ்த்துவிட்டேன்.

இனிமேல் நான் எழுதுவதாக இல்லை.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்கவும் வேண்டும்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். பையை இறக்கினதும் உங்கள் கடிதத்தை என் முன்னால் போட்டு, "அக்காவை ஏன் அப்படி நோகடிச்ச?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தினது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரயில் ஓடாத ஊருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தா வரச் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் விழித்தார். "எந்த ரயில்?" என்றார். உங்க ஊர் ரயில்தான், ஓட்ட ஆள் இல்லாமல் நிறுத்திட்டாங்களே, தெருவே வருத்தப்படுகிறதாமே என்றேன்.

அண்ணி, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. குருவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம்தான் சுவரைக் காட்டி, நாங்கள் ஒட்டின சங்கிலியைக் காட்டி, "இதாண்டி ரயில்" என்றார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர், ரயில் ஓடுகிறது அம்மா என்று படித்துப் படித்துச் சொன்னார். உங்களுக்கு என்ன தெரியும், அந்த ஊரிலேயே இருக்கிற எங்க அண்ணி எழுதியிருக்காங்க என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எனக்காகப் பேசினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் வரலாமா என்று கேட்டேன், ரயில் இல்லை என்று பதில் வந்தது. குருவி வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாதம் அதையே நினைத்துக் குமைந்தேன்.

இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. முதல் கடிதத்தில் வளையம், கீற்று என்று எனக்கு விளக்கி எழுதினீர்கள். டிசம்பரில் வெறுமனே ரயில் என்று எழுதினீர்கள். எனக்குப் புரியாது என்பதே உங்களுக்கு நினைவில்லை. வீட்டு ஆளுக்கு எழுதுகிற மாதிரி எழுதிவிட்டீர்கள். அதை நினைத்து நேற்று லென்ஸ் தேய்க்கும்போது கண் நிறைந்து, ஒரு லென்ஸ் பாழாயிற்று.

தாழ்வாகக் கட்டின கயிற்றைப் பற்றியும் படித்தேன். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
தம்பி மனைவி


பிப்ரவரி 10

அம்மாடி,

நான் சுகம். நீயும் அவனும் சுகமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். அது தப்பாகப் போயிற்று. எல்லோரும் என்ன என்ன என்று கேட்க, சொல்ல வேண்டியதாயிற்று. கட்டிங் மெஷின்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தாலே, "ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாச்சு" என்கிறார்கள். உன்னால் எனக்குக் கிடைத்த பதவி.

மூட்டை கட்டின மேனிக்கு அப்படியே கிடக்கிறது. விடுமுறை முடிந்துவிட்டதே என்று பார்க்க வேண்டாம். இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருகிற நாள்தான் விடுமுறை, அதை மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது நீங்கள் வாருங்கள். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

நீங்கள் வாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எழுதும்போது நீ என்றுதான் எழுதுவீர்கள், அதனால் இது ஒரு ஆள் இல்லை என்று தெரிகிறது. ஆனால் கடிதத்தின் முதல் வரியில் நானும் அவரும்தான் இருக்கிறோம். ஏற்கெனவே ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்து உங்களை அழவைத்துவிட்டேன். இன்னொன்றையும் நானாக ஊகித்துப் படிக்கப் பயமாக இருக்கிறது. குருவி எதிரே வந்து நிற்கிறாள்.

நீங்கள் என்றால் எத்தனை பேர், அண்ணி?

தம்பி மனைவி


மார்ச் 8

குருவிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இருமல் திரும்ப வரவில்லையே? காலையில் எழுப்பினால் எழுந்திருப்பாயா, அல்லது ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷம் என்று கெஞ்சுகிற ஜாதியா? நாய்க்குப் பயப்படுவாயா? எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது. சும்மா குரைக்கும், ஒன்றும் செய்யாது.

உறைமேல் உன் பெயர்தான் இருக்கிறது, அதனால் நீதான் பிரிக்க வேண்டும். அம்மாவுக்குப் படிக்கக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். அவள் என்னிடம் ஒரு கணக்கு கேட்டிருக்கிறாள். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக எனக்கு இரண்டு வாரம் போய்விட்டது. கடைசியில், கேட்டவளுக்கு எழுதுவதைவிட உனக்கு எழுதுவதுதான் சரி என்று பட்டது.

இந்த வீட்டுக் கூடம் நீளமானது. ஏணியில் நான் ஏறிக்கொள்வேன். ஜன்னலுக்குக் கீழே எனக்குக் குனிய முடியவில்லை, அங்கே நீ இல்லாமல் நடக்காது. அதனால் நீ வா. உன்னைத் தனியாக ரயிலில் ஏற்றி அனுப்ப மாட்டார்கள். வரும்போது உன் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா என்று எழுதியிருப்பது என் தம்பியைத்தான். ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுப் பார். அவன் எப்படித் திரும்பிப் பார்த்தான் என்று வந்து எனக்குச் சொல்.

உன் அத்தை